சென்னையில் சும்மா உட்கார சில இடங்கள்

சென்னையை விட்டு வந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது திருச்சியில் இருக்கிறேன். அந்த ஊரைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் பேச்சு வெயில், வாடகை, தண்ணீர் லாரி என்றுதான் போகும். சுற்றிப் பார்ப்பதற்கு என்று கேட்டால் மெரினா, தி. நகர், ஏதாவது ஒரு மால். எனக்கு முதலில் ஞாபகம் வருவது வேறு. காசு அதிகம் செலவழிக்காமல், யாருக்கும் காரணம் சொல்லாமல், ஒரு பெண் தனியாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடிகிற இடங்கள் அந்த ஊரில் இருக்கின்றன. அவைதான் எனக்குச் சென்னை.

எழும்பூரில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு விடுதியில் இருந்தேன். அறைக்கு நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒருத்தி துணி துவைப்பாள், ஒருத்தி ஊருக்கு ஃபோன் பேசுவாள், ஒருத்தி பகல் முழுக்கத் தூங்குவாள், அதனால் லைட் போடக் கூடாது. ஹோட்டலில் ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார முடியும்? கடற்கரையில் தனியாக உட்கார்ந்தால் யாராவது பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுப்பார்கள். அதனால் நடக்க ஆரம்பித்தேன். நடந்து கண்டுபிடித்தவை இவை.

இப்போது என் தங்கை மகள் அங்கே வேலைக்குப் போயிருக்கிறாள். "பெரியம்மா, சனி ஞாயிறு ரூம்ல இருக்கவே முடியல. எங்க போறதுன்னும் தெரியல" என்றாள். அவளுக்கு வாட்ஸப்பில் துண்டு துண்டாக அனுப்பியதைத்தான் இங்கே கோத்து எழுதுகிறேன்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் இருக்கிறது. ரயிலில் வந்து போகிறவர்கள் அதன் கோபுரத்தைப் பார்த்திருப்பார்கள், உள்ளே போயிருக்க மாட்டார்கள். மதராஸில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்காகக் கட்டி, 1821இல் திறந்த தேவாலயம். உள்ளே வட்டமான கூடம், சுற்றிலும் பதினாறு தூண்கள். அண்ணாந்து பார்த்தால் குவிமாடத்தின் உட்பக்கம் முழுக்க ஆழ்ந்த நீலம், அதில் பொன்னிற நட்சத்திரங்கள். மே மாதத்து மதியத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் அனலிலிருந்து உள்ளே நுழைந்து அந்த நீலத்தைப் பார்ப்பது பெரிய ஆறுதல். ஆராதனை நேரம் இல்லாதபோது ஒரு ஓரமாக உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நான் கிறிஸ்தவள் இல்லை. அதையும் யாரும் கேட்டதில்லை.

அந்தக் கட்டடத்தின் அஸ்திவாரம் பற்றித் தெரிந்தபோது அதன் மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது. கூவத்துக்கு அருகில் ஈரமான, இளகிய மண். இவ்வளவு கனமான குவிமாடத்தை அதன் மேல் எப்படி நிறுத்துவது? கட்டிய ராணுவப் பொறியாளர் டி ஹாவிலண்ட், ஏறக்குறைய 150 கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் அஸ்திவாரம் போட்டார். ஆற்றோரத்தில் கட்டுகிறவர்கள் நம் நாட்டில் அதற்கு முன்பே கையாண்ட முறை அது. கிணறு தோண்டத் தெரிந்த கைகள் எத்தனை அங்கே வேலை செய்திருக்கும்! அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 200 வருஷம் தாண்டியும் அந்தக் குவிமாடம் நிற்கிறது.

அங்கிருந்து பாந்தியன் சாலையில் நடந்தால் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது. இதை யாருக்கும் தெரியாத இடம் என்று சொல்ல முடியாது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்துபோவார்கள். ஆனால் பெரும்பாலானோர் திமிங்கில எலும்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்தில் கூட்டம் குறைவு. திருவெண்காட்டு அர்த்தநாரி அங்கேதான் இருக்கிறார். ஆண் பக்கம் இரண்டு கைகள், பெண் பக்கம் ஒரே கை. இரண்டு பாதிக்கும் இடுப்பு ஒரே மாதிரி வளையவில்லை, நிற்கிற விதமும் ஒன்றில்லை, ஆனாலும் ஒரே உடம்பு. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்கிற சிலை இல்லை அது. திருவாலங்காட்டு நடராஜரும் இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறார். அவருடைய புகைப்படங்களைப் பாரிஸில் பார்த்து பிரெஞ்சுச் சிற்பி ரோதான் வியந்து எழுதினார். அவர் படத்தில்தான் பார்த்தார். நாம் எழும்பூரில் இறங்கி நேரில் பார்க்கலாம்.

அமராவதி பளிங்குக் கற்களையும் விட்டுவிடாதீர்கள். கிருஷ்ணா நதிக்கரையில் நின்ற பௌத்த ஸ்தூபத்தின் துண்டுகள். ஒரு பகுதி லண்டனுக்குப் போய்விட்டது, ஒரு பகுதி இங்கே தங்கியது. அந்த அறையில் நிற்கும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும். ஒரே கதையின் பக்கங்களை இரண்டு ஊருக்குப் பங்கு போட்டுவிட்டார்கள்.

அதே வளாகத்தில் கன்னிமாரா நூலகம். 1896இல் திறந்த பழைய கட்டடத்தின் உயர்ந்த கூடமும் வண்ணக் கண்ணாடிகளும் தேக்கு வேலைப்பாடும் ஹென்றி இர்வின் கைவண்ணம். அந்தக் கூடத்துக்குள் எல்லா நாளும் விடுவதில்லை, கேட்டுப் பார்க்க வேண்டும். புதிய கட்டடம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் இது ஒன்று. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். ஊரிலிருந்து வந்து, சின்ன அறையில் தங்கி, டிபன் பாக்ஸில் தயிர் சாதம் கட்டிக்கொண்டு வந்து படிக்கிற பெண்களை அங்கே நிறைய பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு நாவலை வாசிப்பது எனக்குப் பிடித்தமான ஞாயிறு.

கல்லூரிச் சாலை பக்கம் வாருங்கள். கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்துக்குள் ஒரு சிவப்புக் கட்டடம் நிற்கும். மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி. 1812இல் தொடங்கிய சங்கம், இன்னும் புத்தகம் கடன் கொடுக்கிறது. உள்ளே இரும்புச் சட்டமிட்ட அலமாரிகள் கூரை வரை ஏறுகின்றன. 17ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள்கூட அங்கே உண்டு. நைந்துபோன ஒரு புத்தகத்தை யாராவது தத்து எடுத்துக்கொண்டு, அதைச் செப்பனிடும் செலவை ஏற்கலாம். சந்தா கட்டி உறுப்பினர் ஆகிவிட்டால் நீங்களும் அந்த மேஜைகளில் உட்காரலாம். வேலை இருக்கிற இளம்பிள்ளைகள் இதில் கட்டாயம் சேர வேண்டும் என்பது என் ஆசை. ஆள் வந்தால்தான் அந்தப் புத்தகங்கள் பிழைக்கும்.

அதே சாலையில், எனக்கு ரொம்பப் பிடித்த இடம். புயல் வரும்போதெல்லாம் டி.வி.யில் காட்டுவார்களே, அந்த வானிலை ஆய்வு மையம். அதன் வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் இருக்கிறது. பதினைந்தடி உயரம், பத்து டன் எடை. அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். முதல் தடவை போனபோது காவலாளி, "யாரப் பாக்கணும்மா?" என்றார்.

"யாரையும் இல்லண்ணே. அந்தத் தூணப் பாக்கணும்."

"தூணா? அதப் பாத்து என்ன பண்ணப் போற?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் அதிகாரியிடம் சொல்லி, அவரே கூட வந்து காட்டினார்.

1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ஒரு வானாய்வுக்கூடம் கட்டியது. நட்சத்திரங்களைப் பார்க்கும் கருவி துளியும் அசையாமல் நிற்பதற்காக நட்ட தூண் அது. வடிவமைத்தவர் மைக்கேல் டாப்பிங். தூணில் தமிழ், தெலுங்கு உட்பட சில மொழிகளில் செதுக்கியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களுக்கும், ஆசியாவில் கணித அறிவை முதலில் ஊன்றியது பிரிட்டிஷாரின் தயாளம் என்று தெரியட்டும் என்பது அதன் சாரம். படித்ததும் கோபம் வரத்தான் செய்யும். பஞ்சாங்கம் கணிக்கிற ஊரில் வந்து இப்படிச் செதுக்கியிருக்கிறார்கள்.

அதற்குப் பதில் அதே ஆய்வுக்கூடத்தின் மனிதரிடமிருந்தே வந்தது. சில காலம் அதன் பொறுப்பில் இருந்தவர் ஜான் வாரன். 1825இல் அவர் வெளியிட்ட காலசங்கலிதம் என்ற நூலில், புதுச்சேரிப் பக்கத்தில் பார்த்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதுகிறார். அவர் காகிதம் எடுக்கவில்லை, எழுதுகோல் எடுக்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிக்கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரம் சில நிமிஷங்கள்தான் பிசகியது. பிற்காலத்தில் வானியல் வரலாற்றறிஞர் நாய்கபாவர் இந்தச் சோழிக் கணக்கை எடுத்து ஆராய்ந்தார். அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதை நினைத்துக்கொள்வது எனக்கு அவசியமாக இருந்தது.

அங்கே வேலை செய்தவர்களில் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் ஒருவர். ஒளி மாறும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டுபிடித்தார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடக்கப்போவதைச் சாதாரண ஜனங்களுக்கு விளக்க, பல மொழிகளில் சிறு நூல் போட்டார். ஆய்வுக்கூடம் 1899இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. இந்தியாவுக்கென்று ஒரே நேரம் வருவதற்கு முன்னால் ரயில்கள் மதராஸ் நேரப்படிதான் ஓடின, அந்த நேரத்தைக் கணித்துச் சொன்னது இந்த இடம். நாட்டின் நிலப்படங்களுக்குத் தீர்க்கரேகையின் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டதும் இதைத்தான். தூண் மட்டும் இங்கேயே இருக்கிறது. முன்கூட்டியே கடிதமோ மின்னஞ்சலோ எழுதிவிட்டுப் போவது நல்லது.

வடக்கே போகலாம். ஜார்ஜ் டவுனில் ஞாயிற்றுக்கிழமை காலை நடப்பது தனி சுகம். கடைகள் மூடியிருக்கும், வண்டி குறைவு, மாடிகளை அண்ணாந்து பார்க்கலாம். அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மீனியர் தேவாலயம், 1772இல் கட்டியது. வாசலைத் தாண்டினால் தெருவின் சத்தம் சட்டென்று குறைந்துவிடும். முற்றத்தில் செண்பகப் பூ கொட்டிக் கிடக்கும். தரையில் பதித்த கல்லறைக் கற்களில் படிக்கத் தெரியாத எழுத்து. மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். நான் இருந்தபோது ஞாயிறு காலையில் அடிப்பார்கள், அதற்காகவே போவேன். தொழுகைக்கு வர ஊரில் ஆர்மீனியர் யாரும் இல்லை, மணி மட்டும் தவறவில்லை. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது இந்த மதராஸில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை இங்கே இருக்கிறது. தன் நாட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, எழுத்து வார்த்து, தன் மொழியில் பத்திரிகை அச்சடித்திருக்கிறார். வெளியூரில் தமிழ்ப் பத்திரிகை நடத்தியவர்களை எனக்குத் தெரியும், அந்த வேதனை என்னவென்று புரியும்.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக ஒரு கல் நிற்கும். கோட்டைக்கு முன்னால் வெட்டவெளியாக விட வேண்டிய நிலத்தின் எல்லையைக் காட்ட 1773இல் நட்டது. தினம் ஆயிரக்கணக்கான பேர் அதைக் கடந்து பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் பழைய கலங்கரை விளக்கத் தூண் உண்டு, உள்ளே விடுவது அன்றன்றைய காவலைப் பொறுத்தது.

மாடிப் பூங்காவை நான் கட்டாயம் சொல்ல வேண்டும். பாரதி மகளிர் கல்லூரிக்கு வடக்கே, பழைய ஜெயில் ரோடு என்று சொல்கிற தெருவில். 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து முற்றுகை போட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஹைதர் அலியின் குதிரைப்படை ஊர் எல்லை வரை வந்து மிரட்டியது. அப்போது ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அந்த மதிலுக்காக வரி போடப் பார்த்ததும், அது நடக்காமல் போனதும் வால்டாக்ஸ் ரோட்டின் பெயரில் தங்கியிருக்கிறது. மதில் ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒரு துண்டின் மேல்தான் இந்தப் பூங்கா. படி ஏறிப் போனால் நீங்கள் நிற்பது 18ஆம் நூற்றாண்டு மதிலின் தலையில். பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், வயதானவர்கள் நிழலில் சாய்ந்திருப்பார்கள். பராமரிப்பு எனக்குத் திருப்தியாக இருந்ததே இல்லை. ஊரின் ஒரே மிச்ச மதிலுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் கொடுக்கலாம். ஆனாலும் அதைக் கம்பி வேலி போட்டு மூடாமல், அந்தத் தெரு ஜனங்கள் உபயோகிக்கும்படி விட்டிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. தெம்பிருந்தால் இன்னும் வடக்கே நடந்து ராயபுரம் ரயில் நிலையத்தையும் பார்த்துவிடுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் அங்கிருந்துதான் கிளம்பியது.

சாயங்காலம் ஆகிவிட்டால் பீச் ஸ்டேஷனுக்கு எதிரே வந்துவிட வேண்டும், அத்தோ சாப்பிட. 1960களில் பர்மாவிலிருந்து கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பிவந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. அவர்களுக்காக 1969இல் உண்டான பர்மா பஜார் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள், மேலே பேஜோ என்கிற மொறுமொறு வில்லையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயத்தையும் பூண்டு எண்ணெயையும் வைத்துத் தருவது இன்னொன்று. நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். பூண்டு வாசனை மறுநாள் ஆபீஸ் வரை வரும். என்னிடம் பர்மாவில் அவருடைய அம்மா வைத்திருந்த கடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே பிசைந்து கொடுத்த பெரியவர் ஒருவர் உண்டு. "அங்க இத காலைல சாப்பிடுவோம்மா. இங்க வந்துதான் ராத்திரிச் சாப்பாடு ஆச்சு" என்பார்.

தெற்கே மூன்று இடங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு. 1818இல் மதராஸில் தண்ணீர்ப் பஞ்சம். அப்போது கலெக்டராக இருந்த எல்லிஸ் 27 கிணறுகள் தோண்ட ஏற்பாடு செய்தார். அதைத் தமிழ்ச் செய்யுளில் எழுதி, நடுவே ஒரு குறளையும் வைத்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816லேயே எடுத்துச் சொன்ன மனிதர் அவர். கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்னால். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஒரு கோடையில்தான் அந்தக் கல்லைப் போய்ப் பார்த்தேன். கிணறு வெட்டியதைச் சொல்லக் குறளைத் தேடிய ஒரு கலெக்டரை அன்று ரொம்ப நெருக்கமாக உணர்ந்தேன்.

பெசன்ட் நகர் போகிறவர்கள் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் அங்கேதான் இருக்கிறது. அவர் 1942இல் மறைந்தார். மறுவருஷம் ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியில் இது உருவானது. ஊர் ஊராக, வீடு வீடாக ஐயர் தேடிச் சேர்த்த சுவடிகள் இங்கே இருக்கின்றன. வேலைநாளில் போங்கள், எதைப் பார்க்க வந்தீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஒரு பாட்டு ஓலையில் எழுத்தாணிக் கீறலாக எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள அரை நாள் ஒதுக்கலாம்.

பரங்கிமலைக்கு எல்லோரும் தேவாலயத்துக்காகப் போவார்கள், விமானம் இறங்குவதைப் பார்க்கவும் போவார்கள். 1802இல் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியபோது முதல் அடிக்கோட்டை இந்த மலையடியிலிருந்துதான் போட்டார். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்துபோன அளவைதான் பிற்பாடு இமயமலையின் உயரத்தைச் சொன்னது. மேலே அவருடைய மார்பளவு சிலை இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று தெற்கே பார்த்தால் வீடுகளாகத் தெரிகிற தரையில்தான் சங்கிலி பிடித்து அளந்தார்கள்.

தங்கை மகளுக்குக் கடைசியாக அனுப்பிய குறிப்பு இது: அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. உனக்கும் அன்றைக்கு லீவு கிடைத்தால் பல்லாவரம் சந்தைக்குப் போ. பழைய கடிகாரம், ஓடாத ரேடியோ, செடி, புறா, கதவு, கைப்பிடி இல்லாத தையல் மெஷின் எல்லாம் ரோட்டோரம் பரப்பி வைத்திருப்பார்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கையில் எடுத்துப் பார்த்த கற்கோடரி, இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் கண்ட பழைய கற்காலக் கருவி, இந்தப் பல்லாவரத்துச் சரளையில் கிடைத்ததுதான். அவருடைய சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போனது. வெயில் ஏறுவதற்கு முன் போய்விடு, பையில் தண்ணீர் வைத்துக்கொள், விலையைப் பாதியிலிருந்து கேள்.